எங்கள் தெருவில் ஐந்து அனன்யாக்கள்

எட்டு மாத வயிற்றோடு அக்கா ஒரு முறம் வாங்கி வந்தாள். காசிமேட்டில் எடுத்த மீன் கூடையின் மேல் அதைக் கவிழ்த்துப் போட்டு, ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, தெருமுனையிலிருந்து மூச்சு வாங்க நடந்து வந்தாள். மூங்கிலின் பச்சை வாசம் அப்படியே இருந்தது. மீன் வாசத்தையும், மேற்கே ஆலைகளிலிருந்து காற்றில் வரும் அழுகிய முட்டை வாசத்தையும் தாண்டி அது வீட்டுக்குள் நின்றது. அரிசி புடைக்கப் பழைய முறம் ஒன்று ஏற்கெனவே இருந்ததால், இது எதற்கு என்று கேட்டேன். "கொயந்தைக்கு" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற காரியம் அது. அக்காவுக்கு முதலில் பிறந்த பையன் நாற்பது நாள் இருந்தான். இரண்டாவதாகப் பிறந்த பெண் அழவே இல்லை. அடுத்துப் பிறப்பதைப் பதினோராம் நாள் முறத்தில் கிடத்தி, தெருக்குப்பையின் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பெற்ற பிள்ளைகளெல்லாம் நிலைத்த ஒருத்தி அந்த வழியாக வருவாள். "யாரோ போட்டுட்டுப் போன குப்பை, எனக்குக் கெடச்சிது" என்று சொல்லி எடுத்துக்கொள்வாள். பிறகு பெற்றவள் ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் தன் குழந்தையை அவளிடமிருந்து வாங்கிக்கொள்வாள். பையனென்றால் குப்பன், பெண்ணென்றால் குப்பம்மா. யாருக்கும் வேண்டாத பொருள் போலிருக்கிறது என்று சாவு அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடும் என்பது நம்பிக்கை. எங்கள் தெருவில் ஐம்பது வயதைத் தாண்டிய குப்பம்மாக்கள் மூன்று பேர் அன்றைக்கு இருந்தார்கள். அவர்களைக் காட்டித்தான் அக்கா பேசினாள்.

அப்பாவைக் கடல் கொண்டுபோனது; அடுத்த இரண்டு வருடத்தில் அம்மாவும் போய்விட்டாள். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று அம்மாவின் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டாள். நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்று எழுதும்போது, அந்த வாசல்வரை என்னைக் கொண்டுபோய் விட்ட கூடையையும் சேர்த்து எழுத வேண்டும். கல்யாணமாகியும் அக்கா என்னைத் தனியாக விடவில்லை. துறைமுகத்துக்கும் யார்டுக்கும் இடையே கண்டெய்னர் லாரி ஓட்டும் மாமாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எண்ணூர் போகும் சாலையை ஒட்டிய ஒற்றை அறை வீட்டில் மூன்று பேரும் இருந்தோம்.

பெண் பிறந்தது. நன்றாக அழுதது. வீட்டுக்கு வந்த அன்றே நான் பேச்சை எடுத்தேன். குப்பையில் வைத்தால் கிருமி வரும் என்றேன். அதை அக்கா காதில் வாங்கவில்லை. அப்புறம்தான் பெயருக்கு வந்தேன். அதுதான் என் உண்மையான பிரச்சினை.

"நாளைக்கு ஸ்கூல்ல டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுப்பாங்க. குப்பம்மான்னு கூப்ட்டா மொத்த கிளாஸும் சிரிக்கும்க்கா."

"சிரிக்கட்டுமே" என்றாள் அக்கா. "சிரிக்கணும்னா அது ஸ்கூல் வரிக்கும் போவணும் இல்ல?"

பதில் வராதபோது குரலை உயர்த்தலாம் என்று படித்தவனுக்கும் தெரியும். உயர்த்தினேன். இதற்காகவா என்னைப் படிக்க வைத்தாய் என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. மாமா நடுவில் வந்து, "மச்சான் சொல்றது கரெக்ட்டு. குப்ப கிப்பன்னு இன்னா பேரு அது, வுடு" என்றார். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கி மாரோடு சேர்த்துக்கொண்டு, "செரி, நீயே ஒரு பேரு வையி" என்றாள். பதினோராம் நாள் கழிந்தும் முறம் ஆணியில் அப்படியே தொங்கியது. என் படிப்புக்குக் கிடைத்த முதல் வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வைத்த பெயர் அனன்யா. அது எங்கிருந்து வந்தது என்று அக்காவிடம் நான் சொன்னதேயில்லை. கல்லூரியில் என் வகுப்பு வருகைப் பதிவேட்டின் முதல் பெயர் அது. மூன்று வருடம் ஒவ்வொரு காலையும் அந்தப் பெயரில்தான் தொடங்கியது. பேராசிரியர் அதைச் சொல்லும்போது நிமிர்ந்து பார்க்கமாட்டார். பார்க்க வேண்டிய அவசியம் இல்லாத பெயர். முதல் நாள் எல்லாரும் எழுந்து பெயரும் ஊரும் சொன்னோம். எனக்கு எங்கள் குலசாமியின் பெயர். அதைச் சொல்லி முடிக்கும் முன்பே பின்வரிசையில் ஒருவன், "எந்த ஏரியா மாமு?" என்று இழுத்தான். சிரிப்பு எழுந்தது. முதல் வரிசையில் இருந்த அந்தப் பெண் சிரிக்கவில்லை; திரும்பியும் பார்க்கவில்லை. அவளிடம் நான் மூன்று வருடத்தில் பேசியது ஒரே ஒருமுறை, நூலகத்தில் பேனா கேட்டபோது. எனக்கு அவள்மேல் ஆசையா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். அவளுடைய பெயர் மேல் ஆசை. அந்தப் பெயரைக் கேட்டு அவள் எந்தத் தெரு, அவள் அப்பா என்ன வேலை, வீட்டில் என்ன பாஷை என்று யாராலும் சொல்ல முடியாது. முகவரி ஒட்டாத பெயர்.

எங்கள் பக்கத்துப் பெண்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். கன்னியம்மா, தேசம்மா, நாகம்மா. உதட்டை அழுத்தி மூடித் திறந்தால்தான் அவை முடியும். கதவைச் சாத்தித் திறக்கிற மாதிரி. அனன்யாவுக்கு உதடு சேரவே வேண்டாம். மீன் விற்று வந்து களைத்த வாய்க்கும் எளிதாக வருகிற பெயர். அர்த்தத்தைப் பிறகுதான் தேடினேன். வடமொழிச் சொல் என்று போட்டிருந்தார்கள். ஒரு இணையதளத்தில் ஒப்பில்லாதவள் என்றிருந்தது, இன்னொன்றில் அம்மனின் பெயர் என்றிருந்தது. நான் முதலாவதை எடுத்துக்கொண்டேன்.

"அப்டீன்னா இன்னாடா?" என்று அக்கா கேட்டாள்.

"இவள மாதிரி வேற யாரும் இல்லன்னு அர்த்தம்."

அக்கா குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். "அதான் எனக்கு பயமா கீது" என்றாள்.

முப்பதாம் நாள் தொட்டில் கட்டி, குழந்தையின் காதில் மூன்று முறை அந்தப் பெயரைச் சொன்னது நான்தான். வந்திருந்த பெண்கள் வெற்றிலை மென்றுகொண்டே அந்தப் பெயரை வாய்க்குள் போட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி, "டிவில வர்ற பொண்ணு பேரு மாரி கீதே" என்றாள். இன்னொருத்தி, "மீன்காரி பொண்ணுக்கு மினுக்கு பேரப் பாரு" என்று நொடித்தாள். நொடித்தவள்தான் அடுத்த ஆறாவது மாதம் தன் பெண்ணுக்கு அதே பெயரை வைத்தாள். அதற்கடுத்து, பக்கத்து வீட்டுத் தையல்காரர் குடும்பத்தில் ஒன்று. எண்கணிதம் பார்த்து ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டு இன்னொன்று. ஒன்றரை வருடத்தில் எங்கள் ஒரு தெருவிலேயே அனன்யாக்கள் ஐந்து பேர். லாரிக்காரர் வீட்டு அனன்யா, தையல் கடை அனன்யா, தண்ணீர்த் தொட்டி அனன்யா என்று பிரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. சாயங்காலம் ஒரு தாய் வாசலில் நின்று கூப்பிட்டால் ஐந்து திசையிலிருந்தும் "இன்னா?" என்று குரல் வரும். மாமா சிரித்துக்கொண்டு, "மச்சான், நீ இன்னாத்துக்கு வேல தேடற? பேர் கம்பெனி ஒண்ணு தொறந்துடு" என்பார்.

வேலை கிடைக்காமல் இல்லை. திருவொற்றியூரில் ஒரு இ-சேவை மையத்தில் கணினி முன் உட்காரும் வேலை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்ப்பது என்று நாளெல்லாம் பிறர் பெயரைத் தட்டச்சு செய்வேன். தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் என்னிடம் வந்து, "தம்பி, நல்ல ஸ்டைலா ஒரு பேரு சொல்லேன்" என்று கேட்பார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு தெருவின் பெயர்களை மாற்றினால் அந்தத் தெருவே மாறிவிடும் என்பதுபோல நான் நடந்துகொண்டேன்.

எங்கள் அனன்யாவுக்கு இரண்டு வயதிலிருந்தே இளைப்பு. குழந்தைகளுக்கு இருமல் எங்கள் தெருவில் புதிதல்ல. காற்று மேற்கிலிருந்து திரும்புகிற நாட்களில் துணி காயப்போடக்கூடப் பெண்கள் யோசிப்பார்கள்; வெள்ளைச் சட்டையில் கரி படிந்துவிடும். ஆஸ்பத்திரியில் புகை மருந்து வைக்கும் சின்ன எந்திரம் ஒன்றை வாங்கச் சொன்னார்கள். முகமூடியை மூக்கில் பொருத்தினால் அவள் அழமாட்டாள். எந்திரம் ஓடும்போது கண்ணாடியைப் பார்த்துத் தன் மூக்கைத் தொட்டு, "யானை" என்பாள். புதிதாக யார் வந்தாலும் அவர்கள் கேட்கும் முன்பே, "நானு அனன்யா" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வாள். அங்கன்வாடியில் சேர்த்த அன்று ஆயாவிடமும் அப்படித்தான் சொன்னாள். அந்த வகுப்பில் அவளோடு மூன்று அனன்யாக்கள். யாரும் சிரிக்கவில்லை.

மூன்றரை வயதில், ஒரு மழைக்கால முற்பகலில், எந்திரத்துக்கும் அடங்காமல் மூச்சு இழுத்துக்கொண்டது. மாமா வீட்டில்தான் இருந்தார். ஆட்டோவில் ஏறினோம். சாலையில் கண்டெய்னர் லாரிகள் துறைமுகம்வரை வரிசை பிடித்து நின்றன, வழக்கமாக நிற்பவைதான். மாமா ஆட்டோவிலிருந்து குதித்து முன்னால் ஓடினார். ஒவ்வொரு லாரியின் கதவையும் தட்டி, தனக்குத் தெரிந்த டிரைவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "ஒதுக்குடா, என் பொண்ணுடா" என்று கத்திக்கொண்டே ஓடினார். ஒதுக்கினார்கள். ஒவ்வொரு லாரியும் இரண்டடி நகர, ஆட்டோ அந்தச் சந்தில் நுழைந்து நுழைந்து போனது. அக்கா குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். ராயபுரம் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதியவரிடம் பெயரை நான்தான் சொன்னேன். மறுநாள் மதியம் அதே பெயரை வேறொரு காகிதத்துக்காகச் சொன்னேன்.

அதன் பிறகு வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. மாமா வண்டியே கதி என்றாகிவிட்டார். அக்கா பதினாறாம் நாள் முடிந்ததும் கூடையைத் தூக்கினாள். எனக்குச் சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆணியில் தொங்கும் முறத்தை நான் பார்ப்பேன். நான் பார்ப்பதை அவள் பார்ப்பாள். குப்பம்மா என்று வைத்திருந்தால் இருந்திருப்பாளோ என்று அக்கா என்னைக் கேட்டுவிடுவாள் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று படித்தவன் நான். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று நான் குழந்தைக்காகச் சண்டை போடவில்லை. முதல் நாள் வகுப்பில் எழுந்து நின்று பெயர் சொன்ன எனக்காகச் சண்டை போட்டேன். அக்கா அவளுடைய உயிருக்குப் பெயர் தேடினாள். நான் என் வெட்கத்துக்குத் தேடினேன். சாயங்காலமானால் தெருவில் தாய்மார்கள் வழக்கம்போலக் கூப்பிட ஆரம்பிப்பார்கள். அந்தப் பெயர் கேட்கும் ஒவ்வொரு முறையும் அடுப்படியில் அக்காவின் கை ஒரு நொடி நின்று, பிறகு மறுபடி வேலை செய்யும்.

ஒரு மாதம் கழித்து, பக்கத்து வீட்டுத் தையல்காரர் மனைவி நான் வேலை செய்யும் மையத்துக்கு வந்தார். அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். தன் பெண்ணுடைய பிறப்புச் சான்றிதழை மேசைமேல் வைத்து, "இத்த மாத்தணும் தம்பி" என்றார்.

"என்னத்த மாத்தணும்?"

"பேர. தன்ஷிகான்னு போடு. மீதி மூணு பேரும் வருவாங்க. பேசி வெச்சிருக்கோம்."

ஆஸ்துமா, காற்று, தூசி என்று என்னென்னவோ சொன்னேன். பெயரால் எதுவும் வராது என்றேன். அண்ணி கடைசிவரை கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உனுக்கு புஸ்தகம் கீது, நீ அத்த நம்பற. எனுக்கு ஒரே பொண்ணு. அதுவும் இருமிக்கினுதான் கீது. நா எத்த நம்பட்டும்?" என்றார்.

விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தேன். அந்த வாரமே மற்ற மூவருக்கும் செய்தேன். ஒவ்வொன்றும் எனக்கு எதிரான தீர்ப்பு போலிருந்தது. நால்வரும் மாற்றிவிட்டால் அந்தப் பெயர்தான் அவளைக் கொன்றது என்று தெரு முடிவு செய்துவிட்டதாக அர்த்தம். அக்காவுக்கு அது எப்படித் தெரியாமல் போகும்?

தெரிந்தது. ஒரு சாயங்காலம் தையல் கடைக் குழந்தை எங்கள் வாசலுக்கு எதிரே மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து அண்ணி, "தன்ஷிகா, ஏ தன்ஷிகா" என்று கூப்பிட்டார். குழந்தை தலையைத் தூக்கவில்லை. அது தன்னைத்தான் என்பது அதற்கு இன்னும் பழகவில்லை. ஏழெட்டு முறை கூப்பிட்டார். அந்த நேரம் சாலையிலிருந்து ஒரு தண்ணீர் லாரி தெருவுக்குள் பின்பக்கமாக வரத் தொடங்கியது. வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, "அனன்யா!" என்றாள்.

குழந்தை சட்டென்று எழுந்து ஓடி வந்தது. அக்கா அதை இழுத்துத் தன் காலோடு சேர்த்துக்கொண்டாள். லாரி கடந்து போனது.

அண்ணி ஓடி வந்தார். பயத்தில்தான் கத்தினார் என்று இப்போது புரிகிறது. "அந்தப் பேர்ல கூப்டாதன்னு எத்தினி வாட்டி சொல்றது? உன் பொண்ண முழுங்கினது பத்தாதா அந்தப் பேரு?"

நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அக்கா கோபப்படவில்லை. குழந்தையின் தலையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"பேரு முழுங்கலடி. நா அவள குப்பைல போட்டுத்தான் எடுத்தேன். பதினொன்னா நாளு, இவன் வெளிய போன அப்பால. காசிமேட்டுல என் பக்கத்துல மீன் விக்கிற அம்மாதான் எடுத்துக் குட்த்துச்சு. தவுடு குட்த்து வாங்கினேன். மூணு வாட்டி காதுல குப்பம்மான்னு சொன்னேன். அந்தப் பேரும் அவளுக்கு இருந்திச்சி. இந்தப் பேரும் இருந்திச்சி." குழந்தையின் கையிலிருந்த மண்ணையும் தட்டினாள். "பேரால ஆவற காரியமா இருந்தா, வூட்டுக்கு ஒரு பேர மாத்திட்டு எல்லாரும் தூங்கலாமே."

அண்ணி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சிறிது நேரம் அக்காவின் தோளைப் பிடித்தபடி நின்றிருந்துவிட்டு உள்ளே போனார்.

அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா உன் மூஞ்சி சுண்டிப் பூடும்" என்றாள். "நீ அந்தப் பேர வெச்சிட்டு எவ்ளோ சந்தோசமா இருந்த." அவள் இத்தனை நாள் என் முகத்தைப் பார்க்காதது என்மேல் பழி போட்டு அல்ல. தான் செய்ததை நான் கண்டுபிடித்துவிடுவேனோ என்று பயந்து, படித்த தம்பியின் முன் வெட்கப்பட்டு, தன் துக்கத்தோடு அதையும் சேர்த்துச் சுமந்திருக்கிறாள். நான் அவளுக்குப் பயந்தேன். அவள் எனக்குப் பயந்தாள். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

அண்ணி விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவில்லை. நானும் பெறச் சொல்லவில்லை. நான்கு பெயர்களும் மாறிவிட்டன. இப்போது யாராவது பிறந்த குழந்தைக்குப் பெயர் கேட்டு வந்தால், நீங்களே யோசித்து வாருங்கள், எழுத்துப் பிழை இல்லாமல் அடித்துத் தருகிறேன் என்று மட்டும் சொல்கிறேன்.

போன வாரம் அண்ணியின் குழந்தைக்கு இளைப்பு அதிகமாகிவிட்டது. தையல்காரர் ஊரில் இல்லை. அக்காவும் நானும் கூடப் போனோம். ஆஸ்பத்திரியில் வரிசையாகப் பெஞ்சுகள். எல்லாத் தாய்மார்களின் மடியிலும் ஒரு குழந்தை, எல்லாக் குழந்தைக்கும் நெஞ்சு மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தது. நர்ஸ் கதவருகே வந்து சீட்டைப் பார்த்து, "தன்ஷிகா" என்றார். யாரும் எழவில்லை. "தன்ஷிகா யாரும்மா?" என்று இன்னொரு முறை கேட்டார். அண்ணி குழந்தையின் முதுகைத் தடவியபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார், தன் முறை எப்போது வரும் என்று. அக்காதான் அவர் தோளைத் தொட்டு, "உன் பொண்ணத்தான்டி, ஏந்திரு" என்றாள்.